வெர்னிட்டாவின் வால்துள்ளி

ஐஸ்லின் கல்மரின் வாய்க்குப் பயப்படாத ஆள் எலூத்தரா தீவின் தெற்குக் கோடியில் கிடையாது. டீக்கன் அல்ஃபியஸ் பிரசங்கத்தை இழுத்தால், முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டே அவரை ஆமென் சொல்ல வைத்துவிடுவாள். தபால் படகு தாமதமாக வந்தால் கப்பித்தானைக் கரையில் நின்றபடியே வறுத்தெடுப்பாள். அவள் புருஷன் தலைநகர் நாசோவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். "சனியன் விட்டது" என்று சொல்லிவிட்டு இரண்டு ஆடு வாங்கினாள். அவை பெருகி மந்தையாகின. அந்த மந்தைதான் ஒற்றை மகள் வெர்னிட்டாவைப் படிக்க வைத்தது, புயலில் பறந்த கூரையைத் திரும்பப் போட்டது.

எங்கள் ஊரில் நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. முன்னோர் வாங்கியது, வம்சத்துக்கெல்லாம் பொது. புதரை வெட்டி, எரித்து, விதைக்கிறவனுக்கு அவன் பாடுபடும் வரை அந்தத் துண்டு சொந்தம். சில விளைச்சல் எடுத்தபின் மண் சலித்துப்போகும். அதைச் சும்மா போட்டுவிட்டு வேறு துண்டு வெட்டுவார்கள். சும்மா கிடக்கும் துண்டில் ஆடு மேயும். மண் என்பது பேச்சுக்குத்தான். உள்ளதெல்லாம் சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் ஆளுக்கொரு பிடி செம்மண். அதில் துவரையும் மரவள்ளியும் போடுகிறவனுக்குப் பாதி வேலை வேலி கட்டுவதுதான். எது பிழைக்க வேண்டுமோ அதை ஆட்டிடமிருந்து காப்பாற்ற வேண்டும். துவரையைச் சுற்றி வேலி, சர்ச் பூச்செடியைச் சுற்றி வேலி. இது எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு வருகிற அறிவு. இந்த அறிவுதான் ஐஸ்லினைக் கெடுத்தது.

வெர்னிட்டா படித்து முடித்து வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சமயம் வடக்கிலிருந்து பறவைக்காரர்கள் வந்தார்கள். உலகத்திலேயே மிகக் கொஞ்சமாக மிஞ்சியிருக்கும் ஒரு குருவியைத் தேடி வந்தவர்கள். கோடையில் அது அவர்கள் பக்கத்து ஊசியிலைக் காட்டில் குஞ்சு பொரிக்கும், குளிர்காலம் முழுக்க எங்கள் தீவுகளில் வந்து கிடக்கும். அவர்கள் அதற்கு யாரோ ஒரு துரையின் பெயரைச் சொன்னார்கள். எங்களுக்கு அது வால்துள்ளி. நெஞ்சு எலுமிச்சை மஞ்சள், முதுகு மழைமேகச் சாம்பல். இடுப்பு உயரப் புதருக்குள்ளேயே பதுங்கித் திரியும். இங்கே இருக்கும் மாதங்களில் பாடாது. எப்போதாவது 'சிப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வால் மட்டும் ஓயாமல் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருக்கும். இரவில் நண்டு பிடிக்கப் போகிறவர்கள் கொளுத்திக்கொண்டு போகும் பிசின் செடி ஒன்று உண்டு, பந்தச்செடி என்போம். அதன் கறுப்புப் பழமும் உண்ணிச்செடிப் பழமும் இருக்கும் இடத்தில்தான் வால்துள்ளி தங்கும். ஐஸ்லின் ஆடு மேய்த்த உப்பளக் குட்டையோரத் துண்டில் அது நிறைய இருந்தது.

வலை பிடிக்கவும் குருவிகளின் காலில் வளையம் மாட்டவும் வெர்னிட்டாவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு பொட்டைக்குருவிக்கு நானே வளையம் மாட்டினேன்!"

"தங்கமா, வெள்ளியா?"

"பிளாஸ்டிக்குதான். நீலம், மஞ்சள், கறுப்பு. நம்ம கொடி நிறம். என்ன நிறம் போடலாம்னு என்னைத்தான் கேட்டாங்க."

"ஊர்க் குருவிக்கெல்லாம் வளையம் போடுறே. உன் விரல்ல போட ஒருத்தன் வரக் காணோம்."

"வந்தா மட்டும்? உன் வாயைக் கேட்டுட்டு அடுத்த படகுலயே ஓடிருவான்."

சம்பளம் வரும்போதெல்லாம் வெர்னிட்டா சிமெண்டு பிளாக் வாங்கினாள். அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனக்கென்று ஒரு வீடு. எங்கள் தீவில் வீடு இப்படித்தான் எழும்பும், வருஷத்துக்கு ஒரு வரிசை. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது மார்பில் கட்டி என்றாள். நாசோ ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குள் முற்றிவிட்டது. ஆகஸ்டில் புதைத்தோம்.

அடக்கம் முடிந்த மறுநாளே அந்தக் காரியம் நடந்தது. ஐஸ்லினின் ஒன்றுவிட்ட தம்பி கார்னெல் சாண்ட்ஸ், அவனும் ஆட்டுக்காரன்தான். அவனுடைய கிடா கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து வெர்னிட்டாவின் மேல் வைத்த மலர்வளையத்தை ரிப்பன் வரை தின்றுவிட்டது. கார்னெல் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். ஆனால் அவனுக்கு மன்னிப்புக்கூட நக்கலாகத்தான் வாயில் வரும். "ஆட்டுக்குத் துக்கம் தெரியுமா ஐஸ்லின்?" என்று ஆரம்பித்தான். அவள் கதவைச் சாத்தினாள். அதோடு அவனோடு பேச்சு நின்றது.

அக்டோபர் கடைசியில் அவள் ஆடுகளோடு குட்டையோரம் போனாள். பந்தச்செடிக்குள் ஏதோ துள்ளியது. வால். பிறகு மஞ்சள் நெஞ்சு. பிறகு கால். நீலம், மஞ்சள், கறுப்பு.

அவள் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடி அளவு உயிர் ஒரு கண்டத்தையும் கடலையும் தாண்டி அதே புதருக்குத் திரும்பி வந்திருந்தது. வெர்னிட்டாவின் விரல் பட்ட ஒரு ஜீவன் இன்னும் சூடாக, பசியோடு, பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதற்குப்பின் அவள் தினமும் போனாள். ஊரோடு பேசாததையெல்லாம் அதனோடு பேசினாள். "வந்துட்டியாடி? தின்னியா?" என்று அவள் கேட்பதை உப்பு அள்ளப் போன பெண்கள் கேட்டுவிட்டு வந்து சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பறவைக்காரர்கள் அந்த வருஷம் வரவில்லை, அவர்கள் வேலை வேறு தீவுக்கு மாறிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. நாங்களோ எங்களுக்குத் தெரிந்ததைச் செய்கிறவர்கள். குருவி ஏப்ரல் கடைசியில் வடக்கே போனதும் ஐஸ்லின் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"குட்டையோரத் துண்டை அடைக்கணும். ஆடு உள்ளே போகக்கூடாது."

டீக்கன் அல்ஃபியஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கே மேயிறது உன் ஆடுதானே, ஐஸ்லின்?"

"அதனாலதான் சொல்றேன். நாள் பூரா அந்தப் புதரைக் கடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. அது தின்னு தீர்த்துட்டா என் பொண்ணோட குருவி எங்கே போகும்?"

"ஆட்டை என்ன செய்வே?"

"வித்துடுவேன்."

ஆட்டை விற்கிறேன் என்று ஐஸ்லின் சொல்வது மீன்காரன் சமுத்திரத்தை விற்கிறேன் என்பது போல. டீக்கன் நெகிழ்ந்துபோனார். உலகத்துக்கே அரிதான பறவை நம் ஊரைத் தேடி வருகிறது, அதற்கு நாமும் ஒரு மரியாதை செய்ய வேண்டாமா என்றார். எல்லோரும் கைதூக்கினார்கள். எங்களுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. மூடிக்கிடந்த ஒரு ஓட்டலின் டென்னிஸ் மைதானத்துக் கம்பிவலையைப் பிரித்து வந்து துண்டைச் சுற்றி அடைத்தோம். வாசலுக்குப் பூட்டு, சாவி டீக்கனிடம். ஆடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. வாங்க ஒரே ஆள்தான் இருந்தான், கார்னெல். அவனோடு பேச்சில்லை என்பதால் பேரத்தை டீக்கனே முடித்தார்.

அடுத்த குளிர்காலம் குருவி வந்தது. ஐஸ்லின் வலைக்கு வெளியே நின்று பார்த்தாள். புதர் செழித்திருந்தது. "பாத்தியாடி, உனக்கு எவ்வளவு பெரிய வீடு" என்றாள். அதற்கடுத்த வருஷம் புதர் அவள் தலைக்கு மேல் போயிருந்தது. ஆடு விரும்பிக் கடித்த சவுண்டலும் நச்சுமரமும் தடுக்க ஆளில்லாமல் கிளம்பி, பந்தச்செடியையும் உண்ணிச்செடியையும் நிழலில் போட்டுவிட்டன. நிழலில் அவை பூக்கவில்லை. குருவி கொஞ்ச நாள் தென்பட்டது, பிறகு இல்லை. பச்சை கூடினால் பறவைக்கு நல்லது என்றுதான் எல்லோரையும் போல அவளும் நினைத்தாள். உள்ளே எங்காவது இருக்கும், அடர்த்தியில் தெரியவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மூன்றாவது குளிர்காலம் அவளால் பொய் சொல்லிக்கொள்ள முடியவில்லை. டீக்கனிடம் சாவி வாங்கி உள்ளே புகுந்து தேடினாள். நச்சுமரத்துப் பால் பட்டுக் கையும் கழுத்தும் கொப்புளித்தன. ஒரு 'சிப்' கூட இல்லை. கிறிஸ்துமஸ் போனது, ஜனவரி போனது. சோறு இறங்கவில்லை அவளுக்கு. அடுப்பில் வைத்த துவரஞ்சோறு அப்படியே ஆறிக் கிடக்கும். பிப்ரவரியில் ஒருநாள் டீக்கனின் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"ஐஸ்லின், சொன்னா கோவிச்சுக்காதே. கார்னெலோட மேய்ச்சல்ல மஞ்சளா ஒண்ணு வாலை ஆட்டிக்கிட்டு இருக்கு. கால்ல என்னமோ நிறமா தெரியுதாம்."

ஐஸ்லின் செருப்பைக்கூடப் போடவில்லை.

கார்னெலின் துண்டு ஊரின் அசிங்கம் என்று பெயர் வாங்கியது. அவனுடைய ஆடுகளும் அவளிடம் வாங்கிய ஆடுகளும் மொட்டையடித்த நிலம். ஆனால் முழு மொட்டை இல்லை. ஆடு பிடிக்காமல் ஒதுக்கிய செடிகள் இடுப்பு உயரத்தில், முழு வெயிலில், கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்றன. பந்தச்செடி. உண்ணிச்செடி. அவற்றின் நடுவில் வெர்னிட்டாவின் குருவி துள்ளிக்கொண்டிருந்தது. அதன் காலடியிலேயே அவளுடைய பழைய ஆடு ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவள். ஆடு பந்தச்செடியைத் தொடாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததையும் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. குருவிக்கு வீடு கட்டுகிறேன் என்று அதன் சோற்றில் மண் அள்ளிப் போட்டுவிட்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன ஐஸ்லின், வழி தவறி வந்துட்டியா?" கார்னெல் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான்.

"எதுக்குடா கத்தி?"

"வெட்டத்தான். இந்தத் துண்டு ரொம்ப நாளா சும்மா கெடக்கு. மண்ணு தேறிருச்சு. வெட்டிக் காயப்போட்டு, ஈஸ்டர் முடிஞ்சதும் கொளுத்திட்டு, மழைக்கு முன்னாடி சோளமும் துவரையும் போடணும்."

"மே மாசம் வரைக்கும் வெட்டாதே."

"மே மாசம் மழை வந்துரும். ஈரத்துல யாரு கொளுத்துறது? உன் தாத்தாவா?"

"குருவி போறவரைக்கும்தான் கேக்கறேன். கார்னெல், அது வெர்னிட்டாவோடது."

அவளுடைய வாயில் கெஞ்சலைக் கேட்டுப் பழக்கமில்லாதவன் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினான். தடுமாறினால் அவனுக்கு நக்கல்தான் வரும் என்று முன்பே சொன்னேன். "எனக்கும் ஆட்டுக் கொட்டகை கட்டணும். உன் பொண்ணு வீட்டு பிளாக்கெல்லாம் குடு, உன் குருவிக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்றான். சொன்ன மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அவன் வாசலில் தள்ளுவண்டிச் சத்தம். வண்டி நிறைய சிமெண்டு பிளாக். ஐஸ்லின் இறக்கி அடுக்கினாள், மறுபடி போனாள்.

"ஏய்! ஏய் ஐஸ்லின்! விளையாட்டுக்குச் சொன்னேன்!"

"நான் விளையாட்டுக்குக் கேக்கலையே."

"எனக்கு வேணாம். தூக்கிட்டுப் போ. ஊரே என்னைக் காறித் துப்பும்."

"துப்பட்டும். வாங்கிக்கிட்டேன்னு சொல்லு. வாங்கினாத்தான் நீ வார்த்தை மாற மாட்டே."

கார்னெல் வண்டியைப் பிடுங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. ஜன்னல் மட்டம் வரை எழும்பியிருந்த சுவரை அவள் உளி வைத்துத் தட்டித் தட்டிப் பிரித்தாள். வெர்னிட்டா வரிசை வரிசையாக ஏற்றியதை அதே வரிசைப்படி இறக்கினாள். அந்த வாரம் முழுக்க அந்தத் தள்ளுவண்டி எங்கள் தெருவில் போய்வந்தது. உதவிக்குப் போனவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினாள். கடைசியில் தரை மட்டும் மிஞ்சியது. மகளின் வீட்டைக் கொடுத்து மகளின் குருவிக்கு நாள் வாங்கினாள். அது நல்ல பேரமா என்று கேட்கிறவனுக்குப் பிள்ளை செத்ததில்லை.

கார்னெல் வாக்கைக் காப்பாற்றினான். அந்த பிளாக்குகளை ஒன்றுகூடத் தொடவில்லை. குவியல் மேல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான், ஏதோ அது அழுகிவிடும் போல. ஐஸ்லின் தினமும் வந்து அவன் வேலி ஓரத்தில் உட்காருவாள். அவன் ஒரு துண்டு ஜானி ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைப்பான். முதலில் தொடமாட்டாள், பிறகு தொட்டாள். பேச்சென்று பெரிதாக இல்லை, அவன் கேட்பான், அவள் சொல்வாள்.

"இன்னிக்கு வந்துச்சா?"

"அந்தக் கடைசிச் செடியில."

"தின்னுதா?"

"எதைத் தின்னும்? பழம் வத்திப்போச்சு."

அதற்குப்பின் ஏப்ரல் முடியும் வரை மழையே இல்லை. பந்தச்செடிப் பழங்கள் சுருங்கிக் காம்பிலேயே காய்ந்து உதிர்ந்தன. நல்ல வருஷத்தில் ஏப்ரல் நடுவிலேயே கொழுத்து, வடக்கே கிளம்பத் தயாராகிவிடும் குருவி, இப்போது மெலிந்து போய்ச் செடிக்குச் செடி அலைந்தது. வயிறு நிரம்பாமல் அத்தனை தூரம் எப்படிப் பறக்கும்? கிளம்ப முடியாமல் நாள் தள்ளியது. மற்ற வால்துள்ளிகள் போய்விட்டன. இது போகவில்லை. ஐஸ்லின் ஒரு தட்டில் சப்போட்டாவைப் பிசைந்து வைத்துப் பார்த்தாள். எறும்புதான் தின்றது.

கார்னெல் வானத்தைப் பார்ப்பான், குருவியைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான். மே பிறந்தது. அவன் கத்தியை எடுக்கவில்லை. ஒரு காலையில் அந்தச் செடி காலியாக இருந்தது. அன்று முழுக்க இருவரும் தேடினார்கள். பிணமும் இல்லை, இறகும் இல்லை. "போயிருக்கும்" என்றான் கார்னெல். "போயிருக்கும்" என்றாள் அவளும். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வெட்டாத புதர் நனைந்து ஊறியது, கொளுத்த முடியவில்லை. அந்த வருஷம் கார்னெலுக்குச் சோளமும் இல்லை, துவரையும் இல்லை. கடையில் அரிசி வாங்கித் தின்றான். அதைப் பற்றி அவளிடம் அவன் ஒரு நக்கலும் அடிக்கவில்லை, அதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

கோடை முழுக்க ஐஸ்லின் சும்மா இருக்கவில்லை. டீக்கனிடம் போய், "சாவியைக் குடுங்க டீக்கனய்யா, நான் செஞ்ச தப்பை நானே வெட்டுறேன்" என்றாள்.

"தப்பு உன்னோடது மட்டுமில்லைம்மா. நாங்க எல்லாரும்தான் கைதூக்கினோம்."

"கை தூக்கினவங்க இப்பக் கத்தியைத் தூக்குங்க."

சிலர் தூக்கினார்கள், பலர் வேலை இருக்கிறதென்று நழுவினார்கள். சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். கம்பிவலை இறங்கியது. நச்சுமரப் புண்ணோடு அவள் குட்டையோரத் துண்டை வெட்டினாள். கார்னெல் ஆடுகளை ஓட்டிவந்து உள்ளே விட்டான். இனி பழம் காய்க்க வருஷங்கள் ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அவள் கணக்கெல்லாம் ஒரே குருவியின் மேல்தான் இருந்தது. அது வந்தால் போதும். கார்னெலின் துண்டில் இந்தமுறை பழம் நிறைய இருந்தது. மழை நன்றாகப் பெய்திருந்தது.

அக்டோபர் போனது. அவள் விடியும் முன்பே வந்து உட்கார்ந்தாள். நவம்பர் நடுவில் ஒருநாள் காய்ச்சலோடு வீட்டில் கிடந்தாள். கார்னெல் தெருவில் ஓடிவந்தான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"ஐஸ்லின்! எழுந்திரு! வந்துட்டா! அதே செடி, அதே இடம்! வாலை ஆட்டிக்கிட்டு நிக்கிறா!"

காய்ச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் முன்னால், அவள் பின்னால். வேலியோரம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பந்தச்செடியில் மஞ்சள் நெஞ்சு, கொழுத்த வயிறு, ஓயாத வால். ஒரு பழத்தைக் கொத்தி விழுங்கியது. கிளை மாறி வெயிலுக்கு வந்தது. ஒரு காலைப் பார்த்தாள். மறு காலைப் பார்த்தாள். வெறுங்கால்.

கார்னெல் அப்போதுதான் கவனித்தான். அவன் முகம் செத்துப்போனது. "நான் காலைப் பாக்கலை, ஐஸ்லின்" என்றான். செடியைக் காட்டி, "இதுவும் வால்துள்ளிதானே" என்றான்.

"ஆமா. நல்ல குருவி." அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா இதுக்கு வெர்னிட்டாவைத் தெரியாதே, கார்னெல்."

பிறகு அவள் அழுதாள். தரையில் உட்கார்ந்து, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, இன்றைக்குத்தான் பிள்ளை செத்துப்போன மாதிரி அழுதாள். குருவி பயந்து பறந்துபோனது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். கார்னெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றான்.